டிவி விற்க டெலிபோன் கம்பெனிகள் போடும் சண்டை: சிங்கப்பூரில் நடந்ததும் நம் ஊரில் நடப்பதும்

#1 தெம்பனிஸ்_வாசி

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் இப்போது கேட்பது ஒரே கேள்விதான்: டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஃபைபரிலேயே டிவி வாங்கிக்கொள்ளலாமா? 2024 அக்டோபரில் பிஎஸ்என்எல் தன் ஃபைபர் டிவியை அறிவித்தபோது முதலில் எடுத்துக்கொண்டது மத்தியப் பிரதேசத்தையும் தமிழ்நாட்டையும்தான். 2025 மார்ச்சில் ஏர்டெல் 2,000 ஊர்களில் ஐபிடிவி, அதாவது பிராட்பேண்ட் கம்பி வழியாகவே வரும் டிவி, என்று இறங்கியது. ஜியோ அதற்கு முன்பிருந்தே தன் செட்டாப் பாக்ஸில் சேனல்களைக் கொடுத்துவருகிறது. இதில் எது நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. டெலிபோன் கம்பெனிகள் டிவியில் மோதினால் பார்க்கிறவனுக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதைச் சிங்கப்பூரில் தொடக்கத்திலிருந்து கவனித்துவருகிறேன். அதை எழுதிவைத்தால் ஊரில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு காலத்தில் காசு கட்டிப் பார்க்கும் டிவி என்றாலே ஸ்டார்ஹப்தான். 2002இல் சிங்கப்பூர் கேபிள் விஷனைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பிறகு அதற்குப் போட்டியே இல்லை. 2007 ஜூலையில் டெலிபோன் கம்பெனியான சிங்டெல் மியோ டிவி என்ற பெயரில் போன் லைன் வழியாக டிவி கொடுக்க ஆரம்பித்தது. சேனல்கள் குறைவாக இருந்ததால் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்டெல்லுக்கும் அது தெரியும். சேனலுக்குச் சேனல் போட்டி போட்டுக்கொண்டிருந்தால் விடியாது, மக்களால் விடமுடியாத ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

இந்த ஊரில் அது இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்து. சனி, ஞாயிறு ராத்திரிகளில் காப்பிக்கடைகளில் ஓடுவது அதுதான். 2009 அக்டோபரில் சிங்டெல் அதன் ஒளிபரப்பு உரிமையை ஸ்டார்ஹப்பிடமிருந்து தட்டிப் பறித்தது. 2010 ஆகஸ்டில் தொடங்கி மூன்று சீசன், சிங்டெல் பாக்ஸில் மட்டும்.

அப்புறம் வீடுகளில் நடந்ததுதான் முக்கியம். அம்மாவுக்கு ஸ்டார்ஹப்பில் பழகிய சேனல்கள் வேண்டும், மகனுக்குக் கால்பந்து வேண்டும். டிவிக்குக் கீழே ரெண்டு பாக்ஸ், மேசை மேல் ரெண்டு ரிமோட், மாதம் ரெண்டு பில். ஒன்றை நிறுத்தலாம் என்றால் ஒப்பந்தக் காலம் முடியவில்லை, அபராதம் கட்டவேண்டும். போட்டி வந்தால் செலவு குறையும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். நடந்தது நேர்மாறு.

2010 மார்ச்சில் ஊடக வளர்ச்சி ஆணையம் குறுக்கே வந்தது. இனிமேல் ஒரு கம்பெனி தனக்கு மட்டும் என்று எழுதிவாங்கும் நிகழ்ச்சியை, எதிர்க் கம்பெனியின் பாக்ஸ் வழியாகவும் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று விதி போட்டது. ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்ட கால்பந்து ஒப்பந்தத்தை அது தொடவில்லை. அடுத்த மூன்று சீசன்களுக்கு 2012இல் சிங்டெல்லே மறுபடி உரிமை வாங்கியது. இந்தத் தடவை, எங்கள் ஒப்பந்தம் எங்களுக்கு மட்டும் என்ற ஒப்பந்தம் அல்ல, ஆகவே விதி எங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். ஆணையம் ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளைப் படித்துப் பார்த்துவிட்டு, பொருந்தும் என்றது. அமைச்சர் வரை மேல்முறையீடு போய், அங்கேயும் சிங்டெல் தோற்றது. 2013இல் ஸ்டார்ஹப் பாக்ஸ் வைத்திருந்தவர்கள் அதே பாக்ஸில் கால்பந்து பார்த்தார்கள்.

ஆனால் விலை? அது ஏறியது. விதி சொன்னது எந்தப் பாக்ஸில் பார்க்கலாம் என்பதை மட்டும்தான். எவ்வளவு காசு என்பதை உரிமை வாங்கியவர்தான் சொல்வார்.

இதே ஆண்டுகளில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. நாடு முழுக்க ஃபைபர் போட அரசு 75 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை மானியம் தந்தது. நிபந்தனை இதுதான்: மண்ணுக்குள் ஃபைபர் புதைப்பவர் ஒருவர், அதில் சேவை விற்பவர்கள் வேறு. இன்று நெட்லிங்க் என்ற நிறுவனத்திடம் இருக்கும் அந்த ஃபைபரை யார் வேண்டுமானாலும் ஒரே கட்டணத்தில் வாடகைக்கு எடுத்து இன்டர்நெட்டோ டிவியோ விற்கலாம். ஸ்டார்ஹப்பே தன் பழைய கேபிளை 2019 செப்டம்பர் 30ஆம் தேதியோடு மூடிவிட்டு இந்த ஃபைபருக்கு வந்துவிட்டது. 2022இல் கால்பந்து உரிமை ஆறு சீசன்களுக்கு ஸ்டார்ஹப்பிடம் திரும்பியது. யார் வாங்கினாலும் முன்பு போல வீடு ரெண்டுபடவில்லை. ஏனென்றால் அதற்குள் கம்பி பொதுவாகிவிட்டது.

ஆக, சேனலைப் பூட்டிவைத்து நடந்த போட்டியில் நாங்கள் தோற்றோம், கம்பியைப் பொதுவாக்கிய பிறகு நடந்த போட்டியில் கொஞ்சம் ஜெயித்தோம். ஊரில் நிலைமை எப்படி? தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 கொங்கு_கேபிள்

நல்ல பதிவுங்க. நான் ஈரோடு பக்கம் கேபிள் ஆபரேட்டர், அப்பா காலத்திலிருந்து இதே தொழில்.

ஒரு விஷயத்தில் நம் ஊர் சிங்கப்பூரை விட முன்னாடியே சரியாக இருந்தது. 2004 டிசம்பரிலேயே டிராய், அதாவது நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், போட்ட விதி வந்துவிட்டது. எந்தச் சேனலும் ஒரு கம்பெனிக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போடக்கூடாது. கேட்கிற விநியோகஸ்தர் எல்லாருக்கும், கேபிளோ டிஷ்ஷோ, பாரபட்சமில்லாமல் சிக்னல் கொடுத்தே ஆகவேண்டும். இப்போது ஐபிடிவியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் சன் டிவிக்கு ஒரு பாக்ஸ், விஜய் டிவிக்கு இன்னொரு பாக்ஸ் என்ற நிலைமை நமக்கு வரவே இல்லை. 2019இல் சேனலுக்குச் சேனல் விலை போட்ட பிறகு, அந்த விலையும் எந்தப் பாக்ஸில் பார்த்தாலும் ஒன்றுதான்.

ஆனால் நீங்கள் சொன்ன ரெண்டாவது விஷயம், அந்தப் பொதுக் கம்பி, அது இங்கே கிடையாது. நிஜமான சண்டை அங்கேதான் நடக்கிறது. விவரமாக அப்புறம் எழுதுகிறேன், இப்போது ஒரு ஃபைபர் கட், கம்பத்துக்குப் போகணும்.

#3 லைட்_லெவல்

ஃபைபர் நெட்வொர்க்கில் வேலை பார்ப்பவன் என்பதால் தொழில்நுட்பப் பக்கத்தை நான் சொல்கிறேன். ஐபிடிவி என்றதும் பலர் யூடியூப் மாதிரி இன்டர்நெட்டில் ஓடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ரிமோட்டில் அடுத்த சேனலை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேபிளிலும் டிஷ்ஷிலும் எல்லாச் சேனலும் எந்நேரமும் உங்கள் பாக்ஸ் வரை வந்துகொண்டே இருக்கும். பாக்ஸ் வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும். ஐபிடிவியில் நீங்கள் பார்க்கும் சேனல் மட்டும்தான் வீட்டுக்குள் வரும். பட்டனை அழுத்தியதும் பாக்ஸ், இந்தச் சேனலை நிறுத்து, அந்தச் சேனலில் என்னைச் சேர் என்று நெட்வொர்க்கிடம் கேட்கும். உங்கள் தெருவில் வேறு யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எக்ஸ்சேஞ்சில் இருந்து பல வீடுகளின் ஃபைபரை இணைக்கும் ஓஎல்டி என்ற கருவி அந்த ஓட்டத்திலேயே உங்களையும் இணைத்துவிடும். நாற்பது வீடு பார்த்தாலும் மேலிருந்து வருவது ஒரே ஓட்டம். இதைத்தான் மல்டிகாஸ்ட் என்கிறோம். சேர்ந்தவுடன் படம் வந்துவிடாது, அடுத்த முழு ஃபிரேம் வரும் வரை திரை கறுப்பாக நிற்கும். அந்த ஒரு நொடிக் கறுப்பை ஒழிக்கவே மைக்ரோசாஃப்ட் தன் மீடியாரூம் மென்பொருளில் ஒரு வழி செய்தது. சேனல் மாற்றும் பாக்ஸுக்கு மட்டும் கொஞ்சம் முந்தைய படத்தை வேகமாகத் தனியே தள்ளிவிட்டு, பிறகு பொது ஓட்டத்தில் சேர்த்துவிடும்.

ஆப் வழியாக வரும் டிவியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஓட்டம். பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்திய பிறகு உங்கள் வீட்டில் பந்து போடுவது அதனால்தான். ஐபிடிவிக்கு டெலிபோன் கம்பெனி தன் கம்பியிலேயே தனிப் பாதை ஒதுக்குகிறது. பிஎஸ்என்எல் டிவி பார்த்தால் டேட்டா குறையாது என்று சொல்வதன் காரணமும் அதுதான். அது உள் நெட்வொர்க், வெளி இன்டர்நெட் அல்ல.

அமெரிக்காவில் இதே போட்டியில் ரெண்டு பெரிய டெலிபோன் கம்பெனிகள் எதிரெதிர் வழியில் போனதை நம் ஆட்கள் கட்டாயம் படிக்கவேண்டும். வெரைசான் 2005 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலம் கெல்லர் என்ற ஊரில் ஃபையாஸ் டிவியைத் தொடங்கியது. வீட்டுச் சுவர் வரை ஃபைபர். செலவு பயங்கரம். அதில் சாதாரணச் சேனல்கள் ஐபியில் வரவில்லை, கேபிள் டிவி மாதிரியே தனி ஒளி அலைவரிசையில் வந்தன. கேட்கும்போது வரும் படங்கள்தான் ஐபியில். ஏடி அண்ட் டி 2006 ஜூனில் சான் அன்டோனியோவில் யூவர்ஸ் டிவியைத் தொடங்கியது. தெருமுனைப் பெட்டி வரைதான் ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய தாமிர போன் வயர். ஆனால் எல்லாச் சேனலும் ஐபி, மேலே சொன்ன மீடியாரூம்தான் அதை ஓட்டியது. மலிவு, சீக்கிரம் பரவியது. வீட்டுக்கு மொத்தம் 25 எம்பிபிஎஸ் சுற்றளவில்தான் கிடைத்ததால், ஆரம்பத்தில் ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் ஒரு எச்டி சேனல்தான் பார்க்கமுடிந்தது. பிறகுதான் அந்த எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

இரண்டும் ஆளுக்குக் கிட்டத்தட்ட 60 லட்சம் வீடுகள் வரை போயின. பிறகு ஏடி அண்ட் டி 2015 ஜூலையில் டைரக்ட்டிவி என்ற டிஷ் கம்பெனியை 4,850 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2020இல் யூவர்ஸ் டிவியைப் புதிதாக விற்பதையே நிறுத்தியது. 2021இல் டைரக்ட்டிவியையும் தனியாகப் பிரித்துவிட்டது. தாமிரத்தில் மிச்சம் பிடித்த காசு கடைசியில் டிஷ்ஷில் போயிற்று. வெரைசான் அன்று போட்ட ஃபைபர் இன்றும் சம்பாதித்துக்கொடுக்கிறது, டிவிக்காக இல்லாவிட்டாலும் இன்டர்நெட்டுக்காக.

#4 தெம்பனிஸ்_வாசி

லைட்_லெவல், அருமையான விளக்கம். ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் வெரைசானும் ஏடி அண்ட் டியும் ஒன்றோடொன்று மோதவே இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அவரவர் பழைய போன் எல்லை அவரவருக்கு. ரெண்டும் மோதியது கேபிள் கம்பெனிகளோடு. சிங்கப்பூரில் ஒவ்வொரு அடுக்குமாடி வீட்டுக்கும் ரெண்டு கம்பெனியும் போட்டிபோட்டன. அதனால்தான் இங்கே நிகழ்ச்சி உரிமைக்கு அவ்வளவு அடிதடி.

இங்கே வேறொரு தலைவலி வீட்டுக்குள். ஃபைபர் வந்து முடியும் பெட்டி பல வீடுகளில் வாசல் பக்கம் இருக்கும், டிவி ஹாலின் மறுகோடியில். நடுவில் கான்கிரீட் சுவர். வயர் இழுக்க மனமில்லாதவர்கள் கரண்ட் பிளக் வழியாக நெட் கடத்தும் அடாப்டரைத்தான் மாட்டினார்கள். அதே பிளக் வரிசையில் யாராவது ஹேர் டிரையர் போட்டால் படம் திக்கும். ஊரில் புது வீடு கட்டுகிறவர்கள் டிவி மாட்டும் சுவருக்கு இப்போதே ஒரு லேன் வயருக்குப் பைப் விட்டுவிடுங்கள்.

#5 வெள்ளவத்தை_வாசகி

இலங்கை நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஸ்ரீலங்கா டெலிகொம் 2008இல் பியோ டிவி தொடங்கினது. முதலில் போன் வயர் வழி, பிறகு ஃபைபர். எதிரில் நிற்பது டயலொக், அதுவும் தொலைபேசிக் கம்பனிதான், ஆனால் அவர்களின் டிவி செய்மதி வழி வருவது. ஆகவே இங்கே போட்டி கம்பிக்கும் டிஷ்ஷுக்கும் இடையில். கொழும்பில் ஃபைபர் இருக்கிற ஒழுங்கையில் பியோ டிவி, மழைக்கு அது அசையாது. கம்பி போகாத ஊர்களில் டிஷ்தான் ஒரே வழி. இங்கே ஆர் நல்லம் என்று கதைப்பதை விட, உங்கள் வீட்டு வாசலுக்கு எது வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நடைமுறை.

#6 ஸ்கார்பரோ_அக்கா

கனடாவில் பெல் 2010 செப்டம்பரில் டொரன்டோவிலும் மொன்ட்ரியாலிலும் ஃபைப் டிவியைக் கொண்டுவந்தது. எதிரில் ரோஜர்ஸ் கேபிள். ரோஜர்ஸ் சொந்தமாக ஓர் ஐபிடிவி உருவாக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டு, 2016 டிசம்பரில் அதைக் கைவிட்டு, அமெரிக்காவின் காம்காஸ்ட்டிடம் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்டது. 2018இல் வந்த இக்னைட் டிவி அதுதான். ஒரு நல்ல டிவி சிஸ்டத்தைக் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது போதும், இவ்வளவு பெரிய கம்பெனியாலேயே முடியவில்லை.

இங்குள்ள ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்டிசி, 2016 மார்ச்சிலிருந்து எல்லாரும் 25 டாலருக்கு மேல் போகாத அடிப்படைப் பொதி ஒன்று தரவேண்டும் என்றது. அதே ஆண்டு முடிவதற்குள் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கவும் வழி வந்தது. கொங்கு_கேபிள் தம்பி சொன்ன 2019 மாற்றத்தைப் போன்றதுதான்.

ஆனால் நம் சமூகத்தில் ஒன்றை வெளிப்படையாகப் பேசவேண்டும். இங்கே தமிழ் வீடுகள் பலவற்றில் பெல்லும் இல்லை, ரோஜர்ஸும் இல்லை. கடையில் வாங்கிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, மாதம் பத்துப் பதினைந்து டாலர், எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும். அதுவும் ஐபிடிவி என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது, சட்டப்படி அது திருட்டு. 2019 நவம்பரில் இங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் கோல்ட் டிவி என்ற அப்படியொரு சேவையைத் தடுக்கும்படி இன்டர்நெட் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அந்த மாதிரி உத்தரவு இந்த நாட்டில் அதுதான் முதல். பெல்லும் ரோஜர்ஸும் கேட்டு வாங்கிய உத்தரவு. பெரிய கம்பெனிகள் தமிழ்ச் சேனல்களைக் கட்டுப்படியாகும் விலையில், ஒரே இடத்தில் கொடுத்திருந்தால் நம் ஆட்களில் பாதிப்பேராவது இந்தப் பெட்டி பக்கம் போயிருக்கமாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

#7 கொங்கு_கேபிள்

ஃபைபர் சரியாயிடுச்சு. இப்போது பொறுமையாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் டிவி என்பது கம்பெனி விளம்பரத்தில் இல்லை, மின்கம்பத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தெருவுக்குள் கம்பி இழுப்பவர், பாக்ஸில் லாஸ் லைட் சிவப்பா எரியுது, சிக்னல் வரலைன்னு போன் வந்தால் ஓடுகிறவர், மாதம் பிறந்தால் வீட்டு வாசலில் நின்று காசு வாங்குகிறவர் எல்லாம் உள்ளூர் ஆபரேட்டர்தான். பிஎஸ்என்எல் ஃபைபர் பல ஊர்களில் கடைசி வீடு வரை போனது எங்களைப் போன்ற பங்குதாரர்கள் மூலம்தான், வருமானத்தில் ஒரு பங்கு எங்களுக்கு. ரயில்வே தரப்பின் ரயில்வயர் இன்டர்நெட் வளர்ந்ததும் அதே வழியில். அரசு கேபிள் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோதும் எங்கள் கம்பியில்தான் ஓடியது. ஆகவே நம் ஊரில் டெலிபோன் கம்பெனிகளின் போட்டி ரெண்டு மட்டத்தில் நடக்கிறது. மேலே வாடிக்கையாளருக்காக. கீழே அந்தத் தெரு ஆபரேட்டர் யார் பக்கம் நிற்பார் என்பதற்காக. ரெண்டாவது போட்டி யார் கண்ணிலும் படுவதில்லை.

ஜியோ இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டது. 2018 அக்டோபரில் டென், ஹாத்வே ரெண்டு கேபிள் கம்பெனிகளிலும் பெரும்பங்கு வாங்கியது. ஃபைபர் இழுப்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே வீட்டுக்குள் கால்வைத்திருந்தவர்களை வாங்கிவிட்டார்கள். தெளிவான கணக்கு.

எங்கள் கணக்கையும் கேளுங்கள். 2019இல், சேனல் விலை போக இணைப்புக்காக வாடிக்கையாளர் கட்டும் நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153. எங்களுக்குச் சிக்னல் தரும் பெரிய கேபிள் கம்பெனியும் (எம்எஸ்ஓ) நாங்களும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவில்லை என்றால் அந்த 130இல் எம்எஸ்ஓவுக்கு 55 சதவீதம், எங்களுக்கு 45. அதில் கம்ப வாடகை, ஆள் சம்பளம், அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைஸிங் மெஷின் பராமரிப்பு எல்லாம். மறுபக்கம் ஏர்டெல் 699 ரூபாயில் நெட், 350 சேனல், ஆப்கள் எல்லாம் ஒரே பில் என்று அறிவித்தது. வீட்டுக்காரர் கூட்டிப்பார்த்தால் தனித்தனியாக வாங்குவதை விட அது லாபமாகத்தான் தெரியும், தப்புச் சொல்லமுடியாது. நெட்டில் வரும் லாபத்தை வைத்து டிவியை ஏறக்குறைய இனாமாகக் கொடுக்கிறார்கள். வெறும் டிவி மட்டும் விற்கிறவன் அதோடு எப்படி மோதுவது? டிஷ் கம்பெனிகளின் கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் 7 கோடிக்கு மேல் இணைப்பு, இப்போது 6 கோடிக்குக் கீழே. 2025இல் ஏர்டெல்லின் டிஷ்ஷும் டாடா பிளேயும் ஒன்றாகப் பேசிப்பார்த்து, மே மாதம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஏரியாவில் ஒரு கம்பெனியின் ஆட்கள் நாங்கள் கட்டிய அதே கம்பத்தில் தங்கள் வயரைக் கட்டும்போது எங்கள் ஃபைபரை அறுத்துவிட்டுப் போன கதையெல்லாம் உண்டு. வாடிக்கையாளர் எங்களைத்தான் திட்டினார். தெம்பனிஸ் அண்ணன் சொன்ன பொதுக் கம்பி இங்கேயும் இருந்தால் ஒரு கம்பத்தில் பத்து வயர் தொங்காது. ஒருவர் இழுக்கட்டும், எல்லாரும் வாடகை கொடுத்து ஓட்டட்டும். அதை இழுத்துப் பராமரிக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தால் நாங்களும் பிழைத்துக்கொள்வோம்.

#8 தெம்பனிஸ்_வாசி

மேற்கோள், கொங்கு_கேபிள்: "எந்தச் சேனலும் ஒரு கம்பெனிக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போடக்கூடாது."

தம்பி, இதில்தான் எனக்குக் கவலை. அந்த விதி சேனலுக்கு. ஆப்புக்கு இல்லை. 2022 ஜூனில் ஐபிஎல் உரிமை ஏலத்தை நினைத்துப்பாருங்கள். 2023 முதல் 2027 வரை டிவி உரிமை 23,575 கோடிக்கு ஸ்டாருக்குப் போனது, டிஜிட்டல் உரிமை 23,758 கோடிக்கு ரிலையன்ஸ் தரப்பின் வயாகாம்18க்கு. டிஜிட்டல் விலை டிவி விலையைத் தாண்டியது. 2024 நவம்பரில் அந்த ரெண்டு தரப்பும் ஒன்றாகி, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்துவிட்டது. நாட்டின் பெரிய டெலிபோன் கம்பெனியும் கிரிக்கெட் வரும் பெரிய ஆப்பும் ஒரே குடும்பத்தில்.

இன்றைக்கு ஏர்டெல் திட்டங்களிலும் அந்த ஆப் கிடைக்கிறது, நல்லது. 2023இல் ஐபிஎல்லை எந்த நெட்வொர்க் வைத்திருந்தாலும் இலவசமாகவே காட்டினார்கள், அதுவும் நல்லது. ஆனால் அவை வியாபார முடிவுகள்தான். நாளைக்கு எங்கள் ஃபைபர் வைத்திருப்பவருக்கு மட்டும் 4கே, மற்றவருக்குச் சாதாரணம் என்று மாற்றினால் 2004 விதியைக் காட்டித் தடுக்கமுடியுமா? சிங்கப்பூரில் வீடுவீடாக ரெண்டு பாக்ஸ் வந்தபிறகுதான் விதி போட்டார்கள். இந்தியாவில் அதற்கு முன்னாலேயே போடவேண்டும். டிராய் கருத்துக் கேட்கும்போது கம்பெனிகளும் சங்கங்களும்தான் பக்கம்பக்கமாக எழுதுகின்றன. பார்க்கிறவர்களும் எழுதவேண்டும். தமிழில் எழுதினாலும் எழுதவேண்டும்.

#9 லைட்_லெவல்

ஆமாம். அதோடு நாம் பேசாத இடம் அடுக்குமாடி வாசல். தெருவில் மூன்று கம்பெனி இருந்தாலும், அசோசியேஷன் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குப் போட்டி என்பதே இல்லை. அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2007இலேயே அடுக்குமாடிகளில் கேபிள் கம்பெனி தனக்கு மட்டும் என்று போடும் ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. டெலிபோன் கம்பெனிகளின் டிவி உள்ளே நுழைய அது பெரிய வழி திறந்துவிட்டது.

#10 தாம்பரம்_புதுவீடு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன், இப்போது என் வீட்டுக் கதையே வந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடியில் சரியாக இதுதான் நிலைமை, ஒரே கம்பெனி. வீட்டில் ரெண்டு டிவி. அப்பா அம்மாவுக்குச் சீரியலும் செய்தியும், எனக்குக் கிரிக்கெட். டிஷ்ஷை நிறுத்திவிட்டு அந்த ஒரே கம்பெனியின் ஃபைபர் டிவிக்கு மாறலாமா? கொங்கு_கேபிள் அண்ணா, லைட்_லெவல் சார், ஒரு வழி சொல்லுங்கள்.

#11 லைட்_லெவல்

மாறுவதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரெண்டாவது டிவிக்கு இன்னொரு பாக்ஸ் தருவார்களா, அதற்குத் தனி வாடகையா? டிவி பார்க்கும் டேட்டா உங்கள் மாதக் கணக்கில் சேருமா? சேனல்கள் நிஜமான ஐபிடிவியில் வருகின்றனவா, ஆப்பில் வருகின்றனவா? பெரியவர்களுக்கு இது முக்கியம். நம்பர் அழுத்தினால் சேனல் வரவேண்டும், ஆப்பைத் திறந்து லாகின் செய்வதெல்லாம் அவர்களுக்கு ஒத்துவராது.

அடுத்தது கரண்ட். டிஷ்ஷுக்கு டிவியும் பாக்ஸும் ஓடினால் போதும். ஃபைபருக்கு ஃபைபர் வந்து முடியும் சுவர்ப் பெட்டியான ஓஎன்டியும் ஓடவேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். மாட்டவரும் டெக்னீஷியனிடம் லைட் லெவல், அதாவது ஃபைபரில் வந்துசேரும் ஒளியின் அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்றால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் தொல்லை நிச்சயம்.

#12 கொங்கு_கேபிள்

தம்பி, டிஷ்ஷை உடனே கழற்றிடாதீங்க. ஒரு மாசம் ரெண்டையும் ஓட்டிப்பாருங்க. நெட் போனால் டிவியும் சேர்ந்து போகும் என்பதை அப்பா அம்மாவிடம் முன்னாடியே சொல்லி வைங்க. முழு வருஷப் பணத்தை ஒரேயடியாகக் கட்டாதீங்க, தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

ஆப் விஷயத்தில் தெம்பனிஸ் அண்ணன் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் சங்கம் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான். அதே சேனலைக் கேபிளில் கொடுத்தால் டிராய் விதி, ஆப்பில் கொடுத்தால் விதியில்லை. இது எங்களுக்கும் நஷ்டம், நாளைக்குப் பார்க்கிறவர்களுக்கும் நஷ்டம்.

#13 ஸ்கார்பரோ_அக்கா

தாம்பரம் தம்பி, அசோசியேஷன் கூட்டத்தில் கேளுங்கள். ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் என்றால் அது எத்தனை ஆண்டு, எப்போது முடிகிறது, கட்டடத்துக்கு அதில் என்ன வருகிறது என்று. அந்தக் காகிதத்தைக் குடியிருப்பவர்கள் பார்க்கக் கேட்பது நியாயம்தானே.

#14 தாம்பரம்_புதுவீடு

கேட்டேன் அக்கா. செயலாளரிடம் இருந்த ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டோம். வேறு கம்பெனி வரக்கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கட்டடத்துக்குள் போகும் குழாயில் அவர்கள் வயர் நிரம்பியிருக்கிறது, வேறு யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் ரெண்டாவது குழாய் போடத் தீர்மானம் வைக்கிறோம். செலவு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளூர் பிஎஸ்என்எல் பங்குதாரரிடமும் பேசியாயிற்று, குழாய் தயாரானால் ஃபைபரை மொட்டைமாடி வரை தானே கொண்டுவந்து தருகிறேன் என்றார். டிஷ் அதுவரை இருக்கட்டும்.

#15 கொங்கு_கேபிள்

குழாய் போடும்போது ஒரு இஞ்ச் போதும்னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க. ரெண்டு இஞ்ச் போடுங்க, மாடிக்கு மாடி ஒரு பெட்டியும் வைக்கச் சொல்லுங்க. மூன்றாவது கம்பெனி வந்தாலும் இடம் இருக்கும்.